கடை மேனேஜராக வாழ்ந்து மறைந்தவருக்கு நினைவு மலர் போடுவது எப்படி

வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் அன்று மத்தியானத்துக்குள் பிளெக்ஸ் அடிப்பவர் கேட்டுவிடுவார்: நல்ல போட்டோ ஒன்று, பெயர், தோற்றம், மறைவு, கீழே யார் யார் பெயர் வர வேண்டும். இருக்கிற பதற்றத்தில் யாராவது ஒரு மாப்பிள்ளை அதை அனுப்பிவிடுவார், சாயங்காலம் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி நின்றுவிடும். அது வேண்டியதுதான், ஊருக்குத் தெரியப்படுத்த வேண்டும் இல்லையா. ஆனால் பதினாறாம் நாள் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, தாத்தா என்ன செய்தார், எப்படி வாழ்ந்தார் என்று ஒரு பேரப்பிள்ளை கேட்டால், எடுத்துக் காட்ட அந்த பிளெக்ஸில் ஒன்றும் இருக்காது. இரண்டு தேதி, ஒரு முகம், அவ்வளவுதான்.

அதற்குத்தான் நினைவு மலர், அவர் வாழ்ந்த கதையைச் சொல்லும் சின்னப் புத்தகம். அதை எப்படிப் போடுவது என்று ஒரு குறிப்பிட்ட மனிதரின் குடும்பத்துக்காக எழுதுகிறேன். ஜவுளிக்கடையிலோ பாத்திரக்கடையிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ காலமெல்லாம் மேனேஜராக இருந்தவர். கடை அவருடையது இல்லை. கல்லாவுக்கு மேலே மாலை போட்டுத் தொங்குவது முதலாளியுடைய அப்பாவின் படம், இவர் படம் அங்கே ஏறப்போவதில்லை. ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு இவர்தான் முகூர்த்தப் புடவை எடுத்துப் போட்டிருப்பார், ஆனால் எந்த ஆல்பத்திலும் இருக்க மாட்டார். எங்கள் பெரியப்பா அப்படிப்பட்டவர். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்து அதே கடையில் மேனேஜரானவர். அவருக்கு ஒரு நினைவு மலர் போட்டபோது எங்களுக்குப் பளிச்சென்று தெரிந்தது என்னவென்றால், அவர் விழித்திருந்த நேரத்தில் பெரும்பகுதியை நாங்கள் யாருமே பார்த்ததில்லை. வீட்டுக்குத் தெரிந்த மனிதர் அசந்து வந்து சாப்பிட்டுத் தூங்குகிறவர். கடைக்குத் தெரிந்த மனிதர் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறவர். இரண்டு பேரையும் ஒரே புத்தகத்தில் கொண்டுவருவதுதான் வேலை. கடைப் பகுதியை விட்டுவிட்டு ‘பாசமிகு தந்தை, அன்புமிகு கணவர்’ என்று நிரப்பினால் அது எந்த வீட்டு மலராகவும் இருக்கலாம்.

தொடங்கும் முன் நாலைந்து மலர்களைப் புரட்டிப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் இந்தப் பழக்கம் நன்றாக ஊறியது. 31ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் என்ற சடங்குகளின்போது வந்தவர்களுக்கு நினைவு மலர் கொடுப்பார்கள், கல்வெட்டு என்றும் அதைச் சொல்வதுண்டு. வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, தேவாரம் எல்லாம் இருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் அப்படிப்பட்ட மலர்கள் ஏராளமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், இலவசமாகவே படிக்கலாம். படித்தால் உங்களுக்கே தெரியும்: எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருடம் எங்கே வேலைக்குப் போனார், யாரிடம் தொழில் கற்றார் என்று எழுதியிருக்கிற மலர் அந்நியரைக்கூடப் படிக்க வைக்கும். வெறும் புகழ்ச்சியாக இருப்பதைச் சொந்தக்காரர்களே மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுவார்கள்.

பதினாறு நாளுக்குள் செய்ய வேண்டியது

துக்க வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டாம், எழுதவும் வராது. அந்த நாட்களில் சேகரிப்பு மட்டும், அதுவும் சத்தமில்லாமல். கடை ஆட்கள் முதல் நாளே கூட்டமாக வருவார்கள். பெரிய மாலையாகப் போடுவார்கள், வாசல் ஓரமாகக் கொஞ்ச நேரம் நிற்பார்கள், கடையில் ஆள் இல்லை என்று கிளம்பிவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அடையாளம் தெரியாது. கொஞ்சம் தெளிவாக இருக்கிற ஒரு பையனையோ பெண்ணையோ நிறுத்தி, பெயர், எந்த செக்ஷன், எவ்வளவு காலப் பழக்கம், போன் நம்பர் இதையெல்லாம் ஒரு நோட்டில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு நோட்டு இல்லையென்றால் பின்னால் மிகவும் அல்லாட வேண்டியிருக்கும், ஏனென்றால் கடைப் பிள்ளைகள் வேலை மாறிக்கொண்டே இருப்பார்கள், கல்யாணமாகி ஊருக்குப் போய்விடுவார்கள்.

அப்புறம் அவருடைய போன். அதை யாரும் ரீசெட் செய்து பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதங்களில் நம்பர் போய்விடும், பிறகு அது வேறு யாருக்காவது ஒதுக்கப்படும். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் தொடாமல் கிடந்தால் நீக்கப்படுவது அவர்களுடைய பொதுவான விதி. அதனால் ஒரு சின்ன ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்துக்கொண்டு, முக்கியமான சாட்டுகளை ஏற்றுமதி செய்து, குரல் செய்திகளைத் தனியாக ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். ‘அந்த மெரூன் கலர் ரெண்டு பீஸ் மேல அனுப்பு’ என்று அவர் கடைப் பையனுக்கு அனுப்பிய ஐந்து நொடிக் குரல், பிற்பாடு வீட்டில் உள்ளவர்களுக்கு எந்த போட்டோவையும் விடப் பெரிதாக இருக்கும்.

காகிதங்களில் வேலைக்குச் சேர்ந்த உத்தரவு, சம்பளச் சீட்டு, போனஸ் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். வருடங்களைச் சரிபார்க்க இவைதான் கை கொடுக்கும், வீட்டில் ஆளுக்கொரு வருடம் சொல்வார்கள். இதோடு சேர்ந்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பல குடும்பங்கள் இதைத் தெரியாமலேயே விட்டுவிடுகின்றன. பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்குப் படிவம் 10-டி, வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் காப்பீட்டுத் தொகைக்குப் படிவம் 5-ஐ.எஃப். இந்தக் காப்பீட்டின் உச்சவரம்பு 7 லட்சம் ரூபாய். கடையில் கணக்கு எழுதுபவரிடம் கேட்டால் வழி சொல்வார். மலர் பிறகு வரட்டும், முதலில் இதைப் பாருங்கள்.

சட்டைப் பைகளையும் பாருங்கள், துவைக்கப் போடும் முன். பெரியப்பாவின் வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் உள்ளங்கை அளவில் ஒரு நோட்டு இருக்கும். கடைசி நோட்டில் சரக்கு நம்பர்களுக்கு நடுவில் ‘செல்வி தங்கச்சி பிரசவம், 2 நாள்’, ‘மாடி ஃபேன் சத்தம்’, ‘பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்’ என்று கிடந்தது. கடையும் வீடும் ஒரே பக்கத்தில், ஒரே பேனாவில். அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்து மலரில் முதல் பக்கமாகப் போட்டோம்.

கடைக்குப் போய்க் கேட்பது

இதுதான் முக்கியம், பெரும்பாலும் எல்லோரும் தவிர்ப்பதும் இதைத்தான். கூச்சம் வேண்டாம். முதலாளியிடம் முன்கூட்டிப் பேசி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், அது மரியாதை. ஆடி மாதம், தீபாவளிக்கு முந்திய ஒரு மாதம், பொங்கல், முகூர்த்த வாரங்கள், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஆகாது. முகூர்த்தம் இல்லாத செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்து கூட்டி முடித்து முதல் போணி ஆன பிறகு போனால் நின்று பேசுவார்கள்.

முதலாளியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவர் சொல்வது பெரும்பாலும் நாணயம், விசுவாசம் என்ற அளவில் இருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. வாட்ச்மேன், பில் போடும் பெண்கள், படிக்கட்டு ஓரம் தையல் மிஷின் போட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவர், டீ கொண்டுவரும் பையன், பண்டல் இறக்குபவர்கள், லாரி செட்டில் பில்டி (சரக்கு ரசீது) எழுதுபவர், எதிர்க்கடை மேனேஜர். எதிர்க்கடை மேனேஜரை மறக்கவே கூடாது, அவர் தொழிலின் நெளிவு சுளிவு தெரிந்தவர், இவர் எதில் கெட்டிக்காரர் என்று அவரால்தான் சரியாகச் சொல்ல முடியும். பெரியப்பா சரக்கு எடுக்க ஈரோடு ஜவுளிச் சந்தைக்கும் சின்னாளப்பட்டிக்கும் போய் வருவார். சின்னாளப்பட்டியில் சுங்குடி நெய்து கொடுத்த குடும்பத்தைத் தேடிப் போய்ப் பேசியபோதுதான், சொன்ன தேதியில் பணம் கொடுக்க முடியாத மாதங்களில் அவரே நேரில் வந்து திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொல்லிவிட்டுப் போவார் என்பது தெரிந்தது.

கேள்வி எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘அண்ணன் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷன்’ என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அதற்குமேல் நகராது. வேலையைப் பற்றிக் கேளுங்கள். காலையில் கடைக்குள் வந்ததும் முதலில் எங்கே போவார்? நூறு புடவையைப் பிரித்துப் போட வைத்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறவர்களை எப்படி வழியனுப்புவார்? சாயம் போகிறது என்று இரண்டு மாதம் கழித்துப் புடவையைத் திருப்பிக்கொண்டு வந்தால் என்ன சொல்வார்? இரவு கல்லா எண்ணும்போது பணம் குறைந்தால்? புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் வாரம் என்ன வேலை கொடுப்பார்? யாரிடமாவது மன்னிப்புக் கேட்டிருக்கிறாரா? எதற்குக் கோபம் வரும்?

அப்படிக் கேட்டபோது பட்டுப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்த அக்கா ஒருவர் சொன்னதை இங்கே போடுகிறேன். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். கேரளாவில் அதற்கு முன்பே 2018இல் வந்துவிட்டது. அதுவரை ஜவுளிக்கடை என்றால் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்பதுதான் வேலை, கஸ்டமர் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. ‘சட்டமெல்லாம் அப்புறம் வந்தது தம்பி. நாங்க வேலைக்குச் சேர்ந்தப்பவே மூணாவது தூணுக்குப் பின்னாடி ஒரு மர ஸ்டூல் கிடக்கும். யாரு போட்டதுன்னு யாரும் கேட்க மாட்டாங்க. முடியாத நாள்ல, அந்த மாதிரி நாள்ல, அண்ணே எங்களைக் கூப்பிட்டு, தூணுக்குப் பின்னாடி அட்டைப்பெட்டி எண்ணிட்டு வான்னு சொல்வாரு. அங்க பெட்டியே இருக்காது.’ இதைச் சொல்லிவிட்டு அந்த அக்கா எங்களைக் கூட்டிப்போய் அந்தத் தூணைக் காட்டினார். வீட்டில் பெரியம்மாவுக்குக்கூட இது தெரியாது. ‘பெண்களை மதித்தவர்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் இதில் எதுவும் வந்திருக்காது.

பேசுவதை போனில் பதிவு செய்யலாம், ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிலர் பதிவு என்றதும் மேடைப் பேச்சு மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்கள், அவர்களிடம் போனைப் பையில் போட்டுவிட்டுக் காதால் கேட்டு, வெளியே வந்ததும் உடனே எழுதிக்கொள்வது நல்லது.

தேதியைப் பிடித்துக் கேட்டால் கதை வரும்

‘பழைய கதை ஏதாவது சொல்லுங்கள்’ என்றால் யாருக்கும் ஞாபகம் வராது. கடைத் தொழிலில் எல்லோருக்கும் மறக்காத சில நாட்கள் உண்டு, அதை வைத்துக் கேளுங்கள். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அது ஐப்பசி, முகூர்த்தம் இருக்கிற மாதம். மறுநாள் காலை கல்யாண ஜவுளிக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் கையில் பழைய நோட்டோடு வந்து நின்றபோது அவர் என்ன செய்தார்? பெரியப்பா தெரிந்த குடும்பங்களுக்குப் பில்லில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு புடவையைக் கொடுத்தனுப்பினார் என்றும், அதற்காக முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்றும், ஒவ்வொரு ரூபாயும் தை மாதத்துக்குள் வந்து சேர்ந்தது என்றும் பில் கவுண்டர் அண்ணன் சொன்னார்.

2017 ஜூலை 1 ஜி.எஸ்.டி. வந்த நாள். துணிக்கு 5 சதவீதம், ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ரெடிமேடுக்கு 12 சதவீதம் என்று ஆனபோது, அதுவரை வரி என்றே யோசிக்காமல் கட்பீஸ் வாங்கியவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது யார்? கவுண்டரில் நின்ற மேனேஜர்தான். 2020 மார்ச் 25 ஊரடங்கு. சித்திரைத் திருவிழா அந்த வருடம் மக்கள் கூட்டம் இல்லாமல் போனது, மதுரை ஜவுளிக்கு அது எப்பேர்ப்பட்ட அடி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. கடை சாத்தியிருந்த அந்த மாதங்களில் ஹாஸ்டலில் தங்கியிருந்த பிள்ளைகளை ஊருக்கு அனுப்பியது யார், சம்பளம் எவ்வளவு வந்தது, அவர் வீட்டில் என்ன சொன்னார் என்று கேளுங்கள். கடையில் கம்ப்யூட்டர் பில் வந்த வருடத்தையும், க்யூ.ஆர். கோடு அட்டை ஒட்டிய வருடத்தையும் விடாதீர்கள். கையால் பில் எழுதியே பழகிய மனிதர் கீபோர்டு கற்றுக்கொண்ட கதை எல்லாக் கடையிலும் உண்டு. பெரும்பாலும் கற்றுக்கொடுத்தது அவரை விட இருபது வயது இளைய பெண்ணாக இருக்கும், அந்தப் பெண்ணைத் தேடிப் பிடியுங்கள்.

ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் பஞ்சாயத்து செய்ய வேண்டாம். இரண்டையும் போடுங்கள், யார் சொன்னது என்பதோடு.

வீட்டுப் பக்கம்

கடை மேனேஜர் வீட்டில் தீபாவளி எப்படி இருக்கும் என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். முதல் நாள் இரவு விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க இடமிருக்காது, கடைசி கஸ்டமர் போகும்வரை ஷட்டர் இறங்காது. ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நேரத்துக்கு அவர் கால் வீங்கி வீட்டுக்கு வருவார். குளித்து, புதுச்சட்டையைப் போட்டு, ஒரு இட்லியைப் பிட்டு வாயில் வைத்துவிட்டு, வெடிச் சத்தத்துக்கு நடுவில் சாயங்காலம் வரை தூங்குவார். பெரியப்பா வீட்டில் பிள்ளைகள் அவருக்காக ஒரு பாக்கெட் மத்தாப்பை எடுத்து வைத்திருப்பார்கள், அவர் எழுந்த பிறகு இருட்டில் எல்லோருமாகக் கொளுத்துவார்கள். அந்த வீட்டுக்கு அதுதான் தீபாவளி. இதை எழுதுங்கள். வராமல் போன பள்ளி ஆண்டுவிழா, தாலி கட்டி முடிந்த பிறகு வந்து சேர்ந்த கல்யாணங்கள், இதையெல்லாம் குறையாக நினைத்து விட்டுவிடாதீர்கள். குடும்பத்துக்காகவே உழைத்தார் என்று ஒற்றை வரியில் சொல்வதன் முழு விலை அங்கேதான் இருக்கிறது, அதை அவர் மட்டும் கொடுக்கவில்லை, பெரியம்மாவும் சேர்ந்துதான் கொடுத்தார்.

பெரியம்மா, அம்மா, யாராக இருந்தாலும், கணவரை இழந்தவரிடம் முதல் மாதத்தில் கேள்வி கேட்காதீர்கள். அவராகப் பேசும்போது பக்கத்தில் இருங்கள், போதும். பிறகு ஒரு நாள் அலமாரியில் இருக்கிற புடவைகளை எடுத்துப்போட்டு, இது எப்போது எடுத்துக் கொடுத்தது என்று கேட்டுப் பாருங்கள். ஜவுளிக்கடை மேனேஜரின் மனைவிக்கு ஒவ்வொரு புடவைக்கும் ஒரு தேதி உண்டு. எங்கள் பெரியம்மா ஒரு பச்சைச் சுங்குடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தவர், கல்யாணமான புதிதில் வாடகை வீட்டில் குடியிருந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். புடவையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டித்தான் கொடுப்பாராம். ட்யூப் லைட்டில் பார்த்த கலர் கலரே இல்லை என்பார், கடையிலும் விலை உயர்ந்த புடவை என்றால் கஸ்டமரை வாசல்வரை கூட்டிவந்து பகல் வெளிச்சத்தில் காட்டிவிட்டுத்தான் பில் போடச் சொல்வார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் சட்டைத் துணியை, அவருக்கே தெரியாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பார்த்துவிடுவார். வீட்டில் துவைத்த துணியை யார் மடித்து வைத்தாலும் பிரித்து, கடை மடிப்பில் மறுபடி மடிப்பார். பிள்ளைகள் இப்போதும் அப்படித்தான் மடிக்கிறார்கள்.

அத்தைமார், மாமா, சின்ன வயதுக் கூட்டாளி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரிடமும் கேளுங்கள். கடைக்கு வருவதற்கு முந்திய வாழ்க்கை அவர்களிடம்தான் இருக்கிறது.

எழுதும்போது

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகல் ஒன்று உண்டு, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான தமிழி (தமிழ் பிராமி) எழுத்து. அதில் இருப்பது சில சொற்கள்தான்: கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்பது அதன் பொருள். யார், எந்த ஊர், என்ன நடந்தது. வீரன், தீரன் என்று ஒரு அடைமொழிகூடக் கிடையாது. நான் மலர் எழுதுகிற யாருக்கும் இதைத்தான் சொல்வேன், அடைமொழியை எடுத்துவிட்டுச் செயலைப் போடுங்கள் என்று.

‘கடமை தவறாதவர், ஊழியர்களிடம் அன்பு காட்டியவர்’ என்று ஒரு வரி வந்தால் அதை அடித்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஒன்பது மணிக்குக் கடை திறக்கும். அவர் எட்டே முக்காலுக்கு எதிர் டீக்கடையில் நிற்பார், வாட்ச்மேனுக்கும் சேர்த்து டீ சொல்வார். உள்ளே போனதும் முதலில் கல்லாவுக்குப் போக மாட்டார். மாடியில் பிள்ளைகள் சாப்பிடும் அறைக்குப் போய்த் தண்ணீர் கேன் மாற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாமி விளக்கு ஏற்றுவார்.’ நீளம் கூடும், பரவாயில்லை. சொன்னவரின் பேச்சு நடையிலேயே சில இடங்களை விட்டுவிடுங்கள், எல்லாவற்றையும் செந்தமிழாக்கினால் ஆள் காணாமல் போய்விடுவார்.

குணக்குறைகளையும் கொஞ்சம் எழுதலாம். முன்கோபம் இருந்தால் இருந்தது என்று எழுதுங்கள், கடையில் எல்லோருக்கும் தெரிந்ததை மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள். ஆனால் சிலவற்றைத் தொட வேண்டாம்: சொத்துத் தகராறு, கடையின் கொள்முதல் விலை, திருடி மாட்டிக்கொண்டு வேலையை விட்டுப் போன பையனின் பெயர். யாருக்காவது கல்யாணச் செலவுக்குப் பணம் கொடுத்து உதவியிருந்தால், வாங்கியவரைக் கேட்காமல் பெயர் போடவே கூடாது. அவர் உயிரோடு இருந்தபோது வெளியே சொல்லாததை நாம் அச்சில் ஏற்றக் கூடாது. முதலாளிக்கு முழுப் பிரதியையும் அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை, அவர் பேசிய பகுதியையும் கடையைப் பற்றிய பகுதியையும் காட்டினால் போதும். பேசிய ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைப் படித்துக் காட்டிவிடுங்கள்.

எந்த நாளில் வெளியிடுவது? பதினாறாம் நாளுக்குள் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அவசரத்தில் பழைய பிளெக்ஸ் வாசகங்கள்தான் வந்து உட்காரும். தலைத்திவசத்தை வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட ஒரு வருடம் கிடைக்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் முதலாண்டு நினைவுத் திருப்பலியையோ நினைவு ஆராதனையையோ ஒட்டி வைக்கலாம், மற்றவர்கள் அவரவர் வழக்கப்படி.

அச்சு, படம், அதற்கப்புறம்

கடையில் அவர் வேலை செய்யும்போது எடுத்த படம் வீட்டில் இருக்காது. ஆயுத பூஜை அன்று கடை ஆட்கள் எல்லோரும் நின்று எடுக்கிற குரூப் போட்டோ எல்லாக் கடையிலும் உண்டு, வருடா வருடம். ஊழியர்களிடம் கேட்டால் வரிசையாகக் கிடைக்கும், முடி நரைப்பதைக்கூடப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக வாங்காமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அச்சில் மங்கிவிடும். பழைய ஸ்டூடியோ படங்களைப் போனில் படம் பிடிக்காமல் ஸ்கேனரில் 600 டி.பி.ஐ. வைத்து எடுங்கள். படத்துக்குக் கீழே நிற்பவர்கள் பெயரை இடமிருந்து வலமாகப் போடுங்கள், கடைநிலை ஊழியர் உட்பட. அந்தப் பிள்ளைகளில் பலருடைய பெயர் அச்சில் வருவது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்: 16, 20, 24. தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். சில அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுவார்கள், மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், கிரந்த எழுத்துகள் உடையும். அதனால் கடைசிப் பிழைதிருத்தத்தைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்து, முக்கியமாகப் பெயர்களை, இரண்டு பேர் படியுங்கள். நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சே போதும், ஆஃப்செட் கட்டுப்படியாகாது.

இணையத்தில் போடுவதானால் அதற்கென்று தனி பி.டி.எஃப். செய்யுங்கள். போன் நம்பர், வீட்டு முகவரி, ஆதார், சம்பளச் சீட்டு, முழுப் பிறந்த தேதி எதுவும் அதில் இருக்கக் கூடாது, பிறந்த வருடம் மட்டும் போதும்.

வெளியீடு என்று பெரிதாக மேடை வேண்டாம். திவசச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, கடையிலிருந்து வந்த ஒருவரையும் வீட்டில் ஒருவரையும் ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், அரசியல்வாதி யாரையும் கூப்பிட்டு அதைக் கெடுக்க வேண்டாம். கடையில் பேசியவர்களுக்குப் பிரதியை யார் கையிலாவது கொடுத்தனுப்பாமல் நீங்களே ஒரு செவ்வாய்க்கிழமை காலை கொண்டுபோய்க் கொடுங்கள். அப்போது நிச்சயமாகத் திருத்தம் சொல்வார்கள்: அந்த வருடம் இல்லை, அதற்கு அடுத்த வருடம், அந்தப் பெயர் முத்து இல்லை, முத்தையா. அதோடு விட்டுப்போன கதை நாலு வரும். கடைசி இரண்டு பக்கங்களை எழுதாமல் விட்டு அச்சிட்டிருந்தால் அவற்றை அங்கேயே உங்கள் பிரதியில் குறித்துக்கொள்ளலாம், கம்ப்யூட்டரில் இருக்கிற மூலக் கோப்பிலும் அன்று இரவே ஏற்றிவிட்டு, கோப்பின் பெயரில் திருத்திய மாதத்தையும் வருடத்தையும் சேர்த்து, அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோருக்கும் புதுப் பிரதியை அனுப்பி வையுங்கள்.